காலாவதியான பின்னும் ஓடிய எக்ஸ்பி

ஓர் இயங்குதளத்துக்கான ஆதரவு முடிந்தாலும் கணினி நின்றுவிடுவதில்லை. பொத்தானை அழுத்தினால் திறக்கும். தட்டச்சுக்கும் அச்சுக்கும் குறைவிருக்காது. தயாரித்த நிறுவனம் மாதந்தோறும் அனுப்பிவந்த திருத்தங்கள் மட்டும் நின்றுபோகும். பேட்ச் என்று கணினிக்காரர்கள் சொல்லும் இவை, மென்பொருளில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பவை. அவை நின்ற பிறகு தெரியவரும் ஓட்டைகள் திறந்தபடியே கிடக்கும். அன்றாட வேலையில் மாற்றம் எதுவும் தெரியாது; ஆபத்து மட்டும் மாதத்துக்கு மாதம் கூடும். இந்த நிலையில் உலகம் மிகப் பரவலாகவும் நெடுங்காலமும் வைத்துப் புழங்கிய இயங்குதளம் விண்டோஸ் எக்ஸ்பி.

2001 அக்டோபர் 25இல் அது விற்பனைக்கு வந்தது. அதுவரை மைக்ரோசாஃப்ட் இரண்டு குடும்பங்களைத் தனித்தனியே வளர்த்துவந்தது. 95, 98, எம்.இ. ஆகியவை பழைய டாஸ் அடித்தளத்தின் மேல் கட்டப்பட்ட வீட்டுப் பதிப்புகள். என்.டி., 2000 ஆகியவை வேறு அடித்தளத்தில் எழுதப்பட்ட அலுவலகப் பதிப்புகள். முதல் வகையில் ஒரு நிரல் முரண்டு பிடித்தால் கணினியே உறைந்துபோகும். நீலத் திரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு மறுபடி தொடக்குவது 98 வைத்திருந்தவர்களுக்கு அன்றாடச் சடங்கு. இரண்டாம் வகை உறுதியானது, ஆனால் விளையாட்டுகள் பல அதில் சரிவர ஓடா. எக்ஸ்பியில் இரண்டு குடும்பங்களும் ஒன்றாயின. அது கேட்ட நினைவகம் குறைந்தது 64 எம்.பி., 128 இருந்தால் நல்லது. அதன் முகப்பில் தெரிந்த பச்சை மேட்டையும் நீல வானத்தையும் கணினி வரைகலை என்று நினைத்தவர்கள் உண்டு. உண்மையில் அது 1996இல் கலிஃபோர்னியாவின் சொனோமா மாவட்டத்தில் சார்ல்ஸ் ஓ'ரியர் என்ற புகைப்படக்காரர் ஃபிலிமில் எடுத்த படம்.

தமிழ்நாட்டில் எக்ஸ்பி பரவியது பெரும்பாலும் பெட்டியோடு வந்த அசல் வட்டு வழியாக அல்ல. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பாகங்களை வாங்கிக் கோத்துத் தந்த 'அசெம்பிள்டு' கணினிகளில் ஓ.எஸ். போட்டுத் தருவதும் கூலியில் சேர்த்தி. அப்படிப் போட்டவற்றில் உரிமம் இல்லாத நகல்கள் ஏராளம். அதில் தமிழ் தெரியவேண்டும் என்றால் தனி வேலை இருந்தது. கன்ட்ரோல் பேனலில் வட்டார, மொழி அமைப்புப் பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்துமுறை கொண்ட மொழிகளுக்கான கோப்புகளை நிறுவும் கட்டத்தில் டிக் போட வேண்டும். உடனே அசல் சி.டி.யைச் செருகு என்று கேட்கும். சி.டி. இல்லாதவர் 'ஐ386' என்ற கோப்புறையின் நகலை யாரிடமாவது வாங்கிவருவார். கோப்புகள் ஏறிக் கணினி மறுபடி தொடங்கிய பின்தான் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தத்தம் இடத்துக்குப் போய், லதா எழுத்துருவில் யூனிகோட் தமிழ் ஒழுங்காக நிற்கும். அடிப்பதற்கு எ-கலப்பை, பின்னர் என்.எச்.எம். ரைட்டர். தமிழ் வலைப்பதிவுகளின் முதல் தலைமுறை பெரும்பாலும் இப்படி ஒப்பேற்றிய எக்ஸ்பி கணினிகளில்தான் எழுதிப் பழகியது. ஒருமுறை சரிசெய்துவிட்ட கணினியை மறுபடி கலைக்க யாருக்கும் மனம் வராது என்பதை அதில் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள்.

எக்ஸ்பியின் ஆயுள் நீண்டதற்குக் காரணம் அதன் நல்ல குணம் மட்டுமல்ல. அதன் கெட்ட குணமும்தான். வெளிவந்தபோது அது பாதுகாப்பில் சல்லடை. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு இணையத்தில் இணைந்திருந்த எக்ஸ்பி, விண்டோஸ் 2000 கணினிகளுக்குள் தானாகவே நுழைந்து, அறுபது நொடி எண்ணிக் கணினியை மறுபடி தொடக்கியது. அடுத்த ஆண்டு சாசர். யாரும் எதையும் சொடுக்கவில்லை, எந்த இணைப்பையும் திறக்கவில்லை; வலையில் இருந்ததே போதுமாக இருந்தது. விளைவாக மைக்ரோசாஃப்ட் தன் பொறியாளர்களைப் பெருமளவில் எக்ஸ்பியைச் செப்பனிடத் திருப்பியது. 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக், பெயருக்குத்தான் திருத்தத் தொகுப்பு. ஃபயர்வால் இயல்பாகவே இயங்கும் நிலையில் கிட்டத்தட்டப் புது இயங்குதளமாக வந்தது. அதே மாதத்தில் அடுத்த பதிப்பின் வேலையை ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. விஸ்டா என்ற அந்தப் பதிப்பு பொதுமக்கள் கைக்கு வந்தது 2007 ஜனவரி 30இல். பழைய வீட்டைப் பூசி மெழுகியதில் புது வீட்டின் கட்டுமானம் தள்ளிப்போயிற்று. அதற்குள் பழைய வீடே குடியிருக்க வசதியாகிவிட்டது.

விஸ்டா வந்த விதமும் எக்ஸ்பிக்குத்தான் உதவியது. 512 எம்.பி. நினைவகம் என்று அட்டையில் போட்டிருந்தாலும் 1 ஜி.பி. இல்லாமல் அது நகரவில்லை. டிரைவர்கள் எழுதப்படும் முறை மாறியிருந்ததால் நேற்றுவரை ஓடிய பிரிண்டரும் ஸ்கேனரும் ஊமையாயின. அலுவலகங்கள் விஸ்டாவோடு வாங்கிய கணினியில் எக்ஸ்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டன. 'டவுன்கிரேடு' உரிமம் என்று அதற்குச் சட்டபூர்வமான பெயரே இருந்தது. எக்ஸ்பியின் சில்லறை விற்பனை 2008 ஜூன் 30உடன் முடிந்தது. ஆனால் அதற்குள் நெட்புக் எனப்படும் குட்டி மடிக்கணினிகள் வந்துவிட்டன. விஸ்டாவைத் தாங்கும் வலு அவற்றுக்கு இல்லை. முன்னோடியான ஏசுஸ் ஈ பி.சி. 2007இல் லினக்ஸோடுதான் வந்தது. அந்தச் சந்தையை லினக்ஸுக்கு விட்டுக்கொடுக்க விரும்பாத மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பியின் வீட்டுப் பதிப்பை நெட்புக்குகளுக்காக 2010 அக்டோபர் வரை விற்றது. ஒன்பது வயதான சரக்கைப் புதுப்பெட்டியில் போட்டு விற்றுவிட்டு, நான்கு ஆண்டுகூட ஆகுமுன் காலாவதி என்று அறிவித்ததை வாங்கியவர்கள் மறக்கவில்லை.

ஆதரவு முடியும் தேதி எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதும் பார்க்கத் தக்கது. முதன்மை ஆதரவு ஐந்தாண்டு, அல்லது அடுத்த பதிப்பு வந்து இரண்டாண்டு, இவற்றில் எது நீளமோ அது. அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தரும் நீட்டிப்பு ஐந்தாண்டு. இது மைக்ரோசாஃப்டின் விதி. விஸ்டா தாமதித்ததால் எக்ஸ்பியின் முதன்மை ஆதரவே 2009 ஏப்ரல் 14 வரை ஓடியது. நீட்டிப்பு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது. ஆக மொத்தம் பன்னிரண்டரை ஆண்டுகள்.

உரிமம் இல்லாத நகல் வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தேதி பெரிதாக ஒன்றையும் மாற்றவில்லை. அவர்கள் வெகு முன்பே அப்டேட்டை நிறுத்திவிட்டிருந்தார்கள். 2005 முதல் மைக்ரோசாஃப்ட் நகலின் உண்மைத்தன்மையைச் சோதிக்கத் தொடங்கியது. 2008இல் அந்தச் சோதனையில் தோற்ற எக்ஸ்பி கணினிகளின் திரைப் பின்னணி மணிக்கொரு முறை கருப்பாக மாறியது. அவசியமான பாதுகாப்புத் திருத்தங்கள் தானியங்கி அப்டேட் வழியே நகல்களுக்கும் கிடைத்துவந்தன என்றாலும், கருப்புத் திரைக்குப் பயந்தவர்கள் கதவையே சாத்திவிட்டார்கள். கான்ஃபிக்கர் என்ற புழுவுக்கு அது வாய்ப்பாயிற்று. அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தம் 2008 அக்டோபர் 23இலேயே வந்துவிட்டது. புழு வந்தது நவம்பரில். ஆனாலும் பல லட்சக்கணக்கான கணினிகளில் அது குடியேறியது. வலை வழியாக மட்டுமல்லாமல் பென்டிரைவின் ஆட்டோரன் வசதி வழியாகவும் பரவக் கற்றிருந்த புழு அது. கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக் கணினியில் பென்டிரைவைச் செருகினால் என்னவோ ஒன்று ஒட்டிக்கொண்டு வரும் என்ற பொது அறிவு அந்தக் காலத்தில் உருவானதுதான்.

உரிமம் வைத்திருந்தவர்கள் ஏன் மாறவில்லை என்பது வேறு கதை. சோம்பல், சிக்கனம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பாதிக்கு மேல் அது நியாயமாகாது. பல இடங்களில் கணினி தனிப் பொருளாக இருக்கவில்லை, வேறொரு இயந்திரத்தின் உறுப்பாக இருந்தது. ஏ.டி.எம். அதற்குத் தெளிவான உதாரணம். உள்ளே இருப்பது பணப்பெட்டியும் நோட்டெண்ணும் கருவியும் ஒரு சாதாரணக் கணினியும். 1990களில் அந்தக் கணினிகளில் ஐ.பி.எம்.மின் ஓ.எஸ்./2 பரவலாக ஓடியது. ஐ.பி.எம். அதன் ஆதரவை 2006 இறுதியோடு நிறுத்தவே வங்கிகள் எக்ஸ்பிக்கு மாறின. ஒரு காலாவதியிலிருந்து தப்பி அடுத்த காலாவதிக்குள் வந்து நின்றதுதான் மிச்சம்: உலகின் ஏ.டி.எம்.களில் சுமார் 95 விழுக்காடு எக்ஸ்பியில் ஓடுவதாக 2014இன் தொடக்கத்தில் பரவலாகச் சொல்லப்பட்டது.

மருத்துவமனையில் நிலைமை இன்னும் இறுக்கம். எம்.ஆர்.ஐ. போன்ற ஸ்கேன் கருவி பத்தாண்டுக்கு மேல் உழைக்கும் என்ற கணக்கில் வாங்கப்படுவது. அதை இயக்கும் மென்பொருள், இயங்குதளம், கருவி மூன்றும் சேர்ந்துதான் சோதிக்கப்பட்டு அனுமதி பெற்றிருக்கும். மருத்துவமனை தானாக ஓ.எஸ். மாற்றிக்கொள்ள முடியாது, கருவியை விற்ற நிறுவனம் முன்வர வேண்டும். பட்டறைகளில் லேத்தையோ வெட்டும் இயந்திரத்தையோ கட்டுப்படுத்தும் அட்டை பழைய மதர்போர்டில்தான் பொருந்தும். அதற்கான டிரைவரை எழுதிய நிறுவனமே இல்லாமல் போயிருக்கும். இந்த இயந்திரங்களை விற்றவர்கள் பதினைந்தாண்டு உழைக்கும் இரும்புக்குள் ஐந்தும் பத்தும் ஆண்டு உத்தரவாதம் கொண்ட மென்பொருளை வைத்து விற்றார்கள் என்பதைப் பழி சுமத்தும்போது யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

தமிழ் டி.டி.பி. மையங்களின் கதையும் இந்த வகைதான். அழைப்பிதழும் நோட்டீசும் புத்தகமும் பேஜ்மேக்கரில்தான் கோக்கப்பட்டன. அதன் கடைசிப் பதிப்பான 7, 2001இல் வந்தது. 2004இல் அடோபி அதன் மேம்பாட்டை நிறுத்தியது. யூனிகோட் அதற்குத் தெரியாது. அது ஏற்றது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த பழைய எழுத்துருக்களை. அவற்றில் ஒன்றான பாமினியில் 'தமிழ்' என்று வரவேண்டுமானால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகளை அடிக்க வேண்டும். பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் அதே ஐந்து குறிகள்தான் திரையில் நிற்கும். எழுத்துருத் தொகுப்புகள் சிலவற்றுக்கு வன்பூட்டு வேறு உண்டு. கணினியின் பின்புறம் பிரிண்டர் செருகும் பழைய போர்ட்டில் அந்தப் பூட்டு இருந்தால்தான் எழுத்துரு வேலை செய்யும். புதுக் கணினிகளில் அந்தப் போர்ட்டே இல்லை. பதினைந்தாண்டுப் புத்தகக் கோப்புகள் இப்படி ஒரு நிரலிலும் ஓர் எழுத்துருவிலும் ஒரு பூட்டிலும் கட்டுண்டிருக்கும்போது, அந்த மூலைக் கணினியை அச்சகத்தார் போற்றிப் பாதுகாத்ததில் வியப்பில்லை.

2014 ஏப்ரல் நெருங்கியபோது பெரிய அமைப்புகள் பேரம் பேசத் தொடங்கின. தேதி கடந்த பின்னும் தமக்கு மட்டும் திருத்தங்கள் தர மைக்ரோசாஃப்டுடன் தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. பிரிட்டிஷ் அரசு தன் பொதுத்துறைக் கணினிகளுக்காக ஓராண்டுக்கு ஏறத்தாழ 55 லட்சம் பவுண்டு கொடுத்தது. நெதர்லாந்தும் அப்படியே. 2015இல் அமெரிக்கக் கடற்படையின் கணினிப் பிரிவு எக்ஸ்பி உள்ளிட்ட பழைய மென்பொருள்களுக்காக 91 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. ஆக, ஏப்ரல் 8க்குப் பிறகும் எக்ஸ்பிக்கான திருத்தங்கள் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. பணம் கட்டியவர்களுக்குப் போயின, மற்றவர்களுக்குப் போகவில்லை, அவ்வளவே. ஆதரவு முடிந்தது என்ற அறிவிப்பு தொழில்நுட்பச் செய்தியைவிட வணிகச் செய்தியாகவே இருந்தது இங்கு வெளிப்பட்டது. ஆதரவு முடிந்து மூன்று வாரம் கழித்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மோசமான ஓட்டை ஒன்று தெரியவந்ததும், மே 1ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் எல்லா எக்ஸ்பி கணினிகளுக்கும் சேர்த்தே திருத்தம் வெளியிட்டது.

தமிழ்நாடு அரசு வேறு வழியைச் சொன்னது. எக்ஸ்பிக்கான ஆதரவு முடிவதைக் காரணம் காட்டி, துறைகள் பாஸ் லினக்ஸை நிறுவிக்கொள்ள வேண்டும் என்று 2014இல் அறிவுறுத்தியது. சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்காக உருவாக்கிய அந்த இயங்குதளம், மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசுடன் சேர்ந்தே வந்து ஏற்கெனவே பெயரளவில் அறிமுகமாகியிருந்தது. ஆணை போடுவது ஒன்று, மேசையில் மாறுவது வேறொன்று. எழுத்துருவும் பழைய கோப்பும் பிரிண்டரும் இங்கும் குறுக்கே நின்றன.

பெரிய அடி 2017 மே 12இல் விழுந்தது. வான்னகிரை என்ற பணப்பறிப்பு நிரல் கோப்புகளைப் பூட்டி, திறக்க 300 டாலர் பிட்காயின் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் பரவிய அது நுழைந்த வழி, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை கண்டுபிடித்து வைத்திருந்து வெளியே கசிந்த ஓர் ஓட்டை. ஆதரவில் இருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கு அதற்கான திருத்தம் மார்ச் 14இலேயே வந்திருந்தது. இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவையில் 236 மருத்துவமனை அறக்கட்டளைகளில் 80 பாதிக்கப்பட்டன. 595 குடும்ப மருத்துவ நிலையங்களும் தப்பவில்லை. ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தானதாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது. அந்நாட்டு அரசு 55 லட்சம் பவுண்டு ஒப்பந்தத்தை 2015க்குப் பின் புதுப்பிக்கவில்லை என்பது நினைவுபடுத்தப்பட்டது. பழி முழுக்க எக்ஸ்பி தலையில் விழுந்தது.

அந்தத் தீர்ப்பு தவறு. தாக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள் என்று கேஸ்பர்ஸ்கி நிறுவனம் கணக்கிட்டது. எக்ஸ்பி பங்கு மிகச் சொற்பம். காரணம் வேடிக்கையானது: எக்ஸ்பிக்குள் நுழைய முயன்றபோது நிரல் பெரும்பாலும் ஒட்டவில்லை, கணினி நீலத் திரை காட்டி விழுந்தது. கிழவனின் பலவீனமே அவனைக் காப்பாற்றியது. திருத்தம் வந்தும் இரண்டு மாதமாகப் போடாத விண்டோஸ் 7 கணினிகளே சரிந்தவை. ஆனாலும் மைக்ரோசாஃப்ட் அந்த வார இறுதியிலேயே எக்ஸ்பிக்கும் இலவசத் திருத்தம் வெளியிட்டது. 2019 மே மாதம் புளூகீப் என்ற இன்னொரு ஓட்டை தெரியவந்தபோதும் அதையே செய்தது. ஆதரவு முடிந்து ஐந்தாண்டு கடந்த பின்.

இந்தியாவில் ஏ.டி.எம்.களை அசைக்க ரிசர்வ் வங்கி கெடு வைக்க வேண்டியிருந்தது. 2018 ஜூன் 21 தேதியிட்ட சுற்றறிக்கை, காலாவதியான இயங்குதளத்தில் ஓடும் ஏ.டி.எம்.களில் கால் பங்கை அந்த ஆண்டு செப்டம்பருக்குள்ளும், பாதியை டிசம்பருக்குள்ளும், முக்கால் பங்கை 2019 மார்ச்சுக்குள்ளும், எல்லாவற்றையும் ஜூனுக்குள்ளும் மாற்றச் சொன்னது. யூ.எஸ்.பி. போர்ட்களை முடக்குவது, ஆட்டோரனை நிறுத்துவது, பயாசுக்குக் கடவுச்சொல் போடுவது ஆகியவற்றை 2018 ஆகஸ்டுக்குள் முடிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. ஆதரவு முடிந்து நான்காண்டுக்குப் பிறகு ஏ.டி.எம்.மின் யூ.எஸ்.பி. போர்ட்டை மூடச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே அதுவரை நிலைமை எப்படி இருந்தது என்பதைச் சொல்லும்.

இதற்கிடையே தனிப் பயனர்கள் சிலர் குறுக்குவழி கண்டார்கள். கடைகளின் பில்லிங் இயந்திரங்களுக்காக மைக்ரோசாஃப்ட் விற்ற 'பி.ஓ.எஸ். ரெடி 2009' என்ற பதிப்பு உண்மையில் எக்ஸ்பியின் உடன்பிறப்பு. அதற்கான ஆதரவு 2019 ஏப்ரல் 9 வரை இருந்தது. ரெஜிஸ்ட்ரியில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால், வீட்டில் இருக்கும் எக்ஸ்பி தன்னைக் கல்லாப்பெட்டி என்று சொல்லி அந்தத் திருத்தங்களை வாங்கிக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் அப்படிச் செய்யாதீர்கள் என்று எச்சரித்ததே தவிரத் தடுக்கவில்லை. எக்ஸ்பிக் குடும்பத்தின் கடைசி முறைப்படியான திருத்தங்கள் அந்த வழியாகவே வந்துசேர்ந்தன.

எக்ஸ்பியைவிட மூத்தவையும் ஆங்காங்கே ஓடியதுண்டு. 2015 நவம்பரில் பாரிசின் ஓர்லி விமான நிலையத்தில் மூடுபனி நேரத்தில் வானிலைத் தகவலை விமானிகளுக்குத் தரும் கணினி பழுதாகி விமானங்கள் நின்றன. அதில் ஓடியது விண்டோஸ் 3.1. சான் ஃபிரான்சிஸ்கோவின் சுரங்க ரயில் பாதையைக் கட்டுப்படுத்தும் அமைப்பு 1998இலிருந்து ஃபிளாப்பி வட்டிலிருந்துதான் தன் நிரலை ஏற்றிக்கொண்டது. இவற்றைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் ஓய்வு பெறுவதுதான், வைரஸைவிட, இவற்றின் முதல் பகை.

வைத்தே தீர வேண்டும் என்றவர்கள் மெல்ல சில வழக்கங்களுக்கு வந்துசேர்ந்தார்கள். முதலாவது வலை இணைப்பைப் பிடுங்கிவிடுவது. கோப்பு போக வர சோதித்த ஒரு பென்டிரைவ் மட்டும். அடுத்தது புதுக் கணினிக்குள் மெய்நிகர் கணினி ஒன்றை வைத்து அதற்குள் எக்ஸ்பியை ஓட்டுவது. விண்டோஸ் 7இல் மைக்ரோசாஃப்டே 'எக்ஸ்பி மோட்' என்ற பெயரில் இதைக் கொடுத்தது. பேஜ்மேக்கருக்கு இது ஒத்துவரும்; பிரிண்டர் போர்ட்டில் பூட்டு கேட்கும் எழுத்துருவுக்கு ஒத்துவராது. மிஞ்சியவர்கள் பழைய மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் கிடைக்கும்போதே வாங்கிப் பரணில் போட்டுவைத்தார்கள்.

எக்ஸ்பி காலத்தில் அரசுகளும் பெருநிறுவனங்களும் மூடிய கதவுக்குள் பேசி வாங்கிய கூடுதல் ஆண்டுகள் பிறகு விலைப்பட்டியலில் ஏறின. 2020 ஜனவரி 14இல் விண்டோஸ் 7 முடிந்தபோது நிறுவனங்கள் மூன்றாண்டு வரை திருத்தங்களை விலைக்கு வாங்கலாம், கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு உயரும் என்று வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும் புதிய பிராசசரும் இல்லாததால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏராளமான கணினிகள் அதற்கு மாற முடியாமல் நின்றன. இம்முறை கூடுதல் ஆண்டு வீட்டுப் பயனருக்கும் விற்பனைக்கு வந்தது: 30 டாலர், அல்லது கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்டின் மேகக் கிடங்கில் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்குக் கட்டணமே இல்லை. அந்தக் கூடுதல் காலத்தின் எல்லையாக 2026 அக்டோபர் 13 குறிக்கப்பட்டது.